4,29,49,67,297: இரு முனையிலும் ஒன்று, நடுவில் முப்பத்தொரு சுழியம்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்பது பார்த்த மாத்திரத்தில் மனத்தில் நிற்கும் எண் அல்ல. பத்து இலக்கங்களில் எந்த ஒழுங்கும் தென்படுவதில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 59 வருகிறது. ஆகவே 3 இதை வகுக்காது. கடைசி இலக்கம் 7 என்பதால் 2, 5 ஆகியவையும் வகுக்கா. பள்ளியில் கற்ற எளிய சோதனைகள் இதற்குமேல் எதுவும் சொல்வதில்லை. அதே எண்ணை இரும முறையில் எழுதிப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது: முதலில் ஒரு 1, பிறகு வரிசையாக முப்பத்தொரு சுழியங்கள், கடைசியில் மறுபடியும் ஒரு 1. அதாவது இது 2³² + 1. இந்த எண்ணைப் பற்றிச் சொல்லத் தக்கவை ஏறத்தாழ எல்லாமே இந்த வடிவத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பதை இந்தப் பதிவில் காட்ட விரும்புகிறேன்.

பொதுவாக இந்த எண் பெரிய கணிதவியலர் ஒருவரின் சறுக்கலாகவே நினைவுகூரப்படுகிறது. 1640-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணிதவியலர் பியர் தெ ஃபெர்மா, இரண்டின் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போகும் எண்களை வைத்து, அவற்றோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை எல்லாம் பகா எண்களே என்று தாம் நம்புவதாகக் கடிதத்தில் எழுதினார். முதல் ஐந்து எண்கள் 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவதாக வருவது நம் எண். முழுமையான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை அசைக்கப்படாமலே இருந்தது. 1729 டிசம்பரில் கணிதவியலர் கோல்ட்பாக் தம் கடிதம் ஒன்றின் பின்குறிப்பாக இதைப் பற்றி மற்றொரு கணிதவியலரான ஆய்லரிடம் கேட்க, 1732-இல் ஆய்லர் விடையளித்தார்: 4,29,49,67,297 = 641 × 67,00,417.

‘ஃபெர்மா பத்து இலக்க எண்ணைக் கண்டு மலைத்துவிட்டார், ஆய்லர் பொறுமையாக வகுத்துப் பார்த்தார்’ என்று இந்தக் கதையைச் சுருக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆய்லர் கண்மூடித்தனமாக ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போகவில்லை. எந்தெந்த எண்கள் வகுக்க வாய்ப்பே இல்லை என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டார். பின்னர் எழுதிய கட்டுரையில் அந்த வழியை அவரே விளக்கியிருக்கிறார். அது சில வரிகளில் அடங்குவது. நம் எண்ணை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³² ஐ அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவு; சுருக்கமாக அதை −1 என்று எழுதுவோம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1. எனவே இரண்டின் அடுக்குகளை வரிசையாக எடுத்துக்கொண்டு வகுத்தால், மீதி 1 முதன்முதலாக வருவது சரியாக 64-ஆவது அடுக்கில்தான். அதற்கு முன்பே வந்திருந்தால் 32-ஆவது அடுக்கிலும் மீதி 1 ஆகவே இருந்திருக்கும். இனி, எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தாலும், அதில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணை அடுக்காக வைத்தால் இரண்டு தரும் மீதி 1 என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். ஆகவே ஒன்றைக் கழித்து வரும் அந்த எண் 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். நம் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் 64க + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும் (க என்பது ஏதேனும் ஒரு முழு எண்).

இந்த ஒரு கட்டுப்பாடு தேடலை எவ்வளவு சுருக்கிவிடுகிறது என்பதைப் பாருங்கள். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. நம் எண்ணை 193 ஆல் வகுத்தால் மீதி 109. 257 ஆல் வகுத்தால் 2. 449 ஆல் வகுத்தால் 325. 577 ஆல் வகுத்தால் 288. 641 ஆல் வகுத்தால் மீதியே இல்லை. ஐந்தாவது வகுத்தலில் வேலை முடிந்துவிடுகிறது.

கணிதவியலர் எதுவார் லூக்கா 1878-இல் இந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கி, காரணிகள் 128க + 1 என்ற வடிவில் இருக்க வேண்டும் என்று காட்டினார். இதை நம் எண்ணிலேயே நேரடியாகப் பார்க்கலாம். 256-ஐ 65,535 ஆல் பெருக்கினால் 1,67,76,960 கிடைக்கும். இந்த எண்ணின் வர்க்கத்தை 4,29,49,67,297 ஆல் வகுத்தால் மீதியாக வருவது 2. நம் எண்ணால் வகுத்து மீதிகளை மட்டும் பார்க்கும் எண்கணித உலகில் இரண்டுக்கு ஒரு வர்க்கமூலம் கிடைத்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கு 64 அடுக்குகள் தேவைப்பட்டால், அதன் வர்க்கமூலத்திற்கு 128 தேவைப்படும்; ஆகவே 128. இப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641 எனச் சுருங்குகிறது. இவற்றுள் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257 என்பதோ ஃபெர்மாவின் எண்களுள் முந்தைய ஒன்று; அந்த வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பது கோல்ட்பாக் 1730-இலேயே கண்டது. அதையும் நீக்கிவிட்டால், முயன்று பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641.

மற்றொரு காரணியான 67,00,417 பகா எண்தானா என்பதையும் இதே வழியில் சில வகுத்தல்களில் தீர்த்துவிடலாம். அதன் வர்க்கமூலம் 2,588-க்குச் சற்று மேல். அதுவரை 128க + 1 என்ற வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 ஆகியவை மட்டுமே. 257-ஐ ஏற்கெனவே விலக்கிவிட்டோம். எஞ்சிய நான்கால் வகுத்தால் வரும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. ஆகவே அது பகா எண். பத்து இலக்க எண் ஒன்றை முழுமையாகப் பகுத்து, விடை சரி என்று உறுதிசெய்யவும் ஒரு தாளின் பாதி போதும்.

இங்கேதான் ஃபெர்மாவைப் பற்றிய உண்மையான புதிர் எழுகிறது. ஆய்லர் கையாண்ட சிறு தேற்றம் ஃபெர்மாவுடையது. அதுவும் அதே 1640-ஐச் சேர்ந்தது. அது மட்டுமல்ல, அதே ஆண்டில் அவர் 2³⁷ − 1 என்ற, இதைவிடப் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் காரணிகள் 74-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்ற கருத்தைக் கொண்டு, 223 அதை வகுக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த வடிவில் வரும் பகா எண்கள் 149, 223 எனத் தொடங்குவதால், இரண்டாவது முயற்சியிலேயே விடை கிடைத்தது. கருவி கையில் இருந்தது. பயன்படுத்திய அனுபவமும் இருந்தது. அப்படியிருந்தும் 641 எப்படித் தப்பியது? வகுத்தலில் ஏதோ ஓர் இலக்கம் பிழைத்திருக்கலாம் என்பது பலருடைய ஊகம். எனக்கும் அதைவிட நம்பத்தக்க விளக்கம் தெரியவில்லை.

இரண்டை வைத்துச் செய்யும் ஒரு சோதனை ஃபெர்மாவை ஏமாற்றியிருக்கலாம் என்று வேறொரு விளக்கமும் சொல்லப்படுவதுண்டு; கணித அளவில் அதுவே சுவையானது. ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதில் ஒன்றைக் கழித்து வருவதை அடுக்காக வைத்து, இரண்டின் அந்த அடுக்கு மீதி 1 தருகிறதா என்று பார்ப்பது ஒரு வழக்கமான சோதனை. பகு எண்களுள் பெரும்பாலானவை இதில் தோற்றுப்போகும். நம் எண் தோற்பதில்லை. காரணம் மேலே பார்த்ததுதான்: 2⁶⁴ மீதி 1 தருகிறது, நம் எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் 2³² என்பது 64-இன் மடங்கு, ஆகவே அந்த அடுக்கிலும் மீதி 1 வந்தே தீரும். ஃபெர்மாவின் எண்கள் அனைத்தும், பகுவாக இருந்தாலும் பகாவாக இருந்தாலும், இரண்டை வைத்துச் செய்யும் சோதனையில் தேறிவிடும். இரண்டால் கட்டப்பட்ட எண்ணை இரண்டையே கொண்டு விசாரித்தால் வேறென்ன விடை வரும்!

இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்தால் குட்டு உடனே உடைகிறது. 641 ஆல் வகுத்து வரும் மீதிகளை மட்டும் கவனித்தாலே போதும். 3⁸ தரும் மீதி 151; 3¹⁶ தருவது 366; 3³² தருவது 628, அதாவது −13; 3⁶⁴ தருவது 169; 3¹²⁸ தருவது 357. 641-இல் ஒன்று குறைந்தால் 640. அது 128-ஐ ஐந்தால் பெருக்கியது. 128-ஆவது அடுக்கில் மீதி 1 வராததால், மூன்றுக்கு மீதி 1 வரும் அடுக்குகளில் ஐந்து ஒரு காரணியாக ஒட்டிக்கொண்டே இருக்கும். 2³² ஐ ஐந்து வகுக்காது. எனவே மூன்றின் அந்த அடுக்கு ஒருக்காலும் 1 தராது. இந்தக் கணக்கு 641-ஐத் தெரிந்துகொண்ட பிறகு செய்வது என்பது உண்மைதான். காரணி எதுவும் தெரியாமலே மூன்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்லும் முறையைக் கணிதவியலர் பெப்பான் 1877-இல் கொடுத்தார். நம் எண்ணுக்கு அதில் 31 முறை வர்க்கப்படுத்தி மீதி காண வேண்டும். கையால் செய்வது சலிப்பூட்டும் வேலை. ஆனால் 1640-இலும் செய்யக்கூடியதே.

641-ஐப் பற்றித் தனியாகச் சில வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. இது 5 × 2⁷ + 1. இதுவே 5⁴ + 2⁴. அதாவது 640 + 1, 625 + 16. இந்த இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்தால், வகுத்தலே செய்யாமல் நிரூபணம் கிடைத்துவிடுகிறது. முதல் வடிவத்தின்படி 5 × 2⁷ தரும் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ என்பதும் −2⁴ என்பதும் ஒரே மீதியைத் தருபவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால், −2³² தரும் மீதி 1. ஆகவே 2³² + 1 தரும் மீதி சுழியம். பாடநூல்கள் விரும்பி எடுத்தாளும் நிரூபணம் இது. அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 641 என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டு செய்யப்படுவது என்பதால், கண்டுபிடித்த வழியைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. அந்த வகையில் 64க + 1 என்ற பட்டியலையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

இதே 5⁴ + 2⁴ பத்தடிமான முறையிலும் ஓர் எதிர்பாராத விளைவைத் தருகிறது. 5⁴, −2⁴ இரண்டும் ஒரே மீதி என்றால், வர்க்கப்படுத்தும்போது 5⁸, 2⁸ இரண்டும் ஒரே மீதி. இரண்டு பக்கமும் 2⁸ ஆல் பெருக்கினால் 10⁸, 2¹⁶ இரண்டும் ஒரே மீதி. அந்த மீதி 154. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 10¹⁶ தரும் மீதியும் 2³² தரும் மீதியும் ஒன்றே, அதாவது −1. எனவே 641 என்பது 10000000000000001 என்ற எண்ணையும் வகுக்கிறது, ஈவு 15600624024961. இரும முறையில் ‘ஒன்று, சுழியங்கள், ஒன்று’ என்று அமைந்த எண்ணை வகுக்கும் அதே பகா எண், பத்தடிமான முறையில் அப்படி அமைந்த ஓர் எண்ணையும் வகுத்துவிடுகிறது. இதனால் 1/641-ஐத் தசமமாக எழுதினால் 32 இலக்கங்களுக்கு ஒருமுறை அது மீளும். முதல் பதினாறு இலக்கங்கள் 0015600624024960; அடுத்த பதினாறு 9984399375975039. மேலும் கீழுமாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். பதினாறு இடத்திலும் 9 வரும்.

இந்த எண்ணைப் பகுக்க இன்னொரு பாதையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. 2³² + 1 என்பது 65,536² + 1². ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமானால், அது ஒரே ஒரு வழியில்தான் முடியும் என்று ஆய்லர் நிறுவியிருக்கிறார். நம் எண்ணுக்கோ இரண்டாவது வழியும் இருக்கிறது: 62,264² + 20,449². (20,449 என்பது 143-இன் வர்க்கம் என்பது வெறும் தற்செயல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது என்ற தகவலே இது பகு எண் என்பதற்குப் போதுமான சான்று. காரணிகளையும் அதிலிருந்தே பிரித்தெடுக்கலாம். 65,536² − 62,264² என்பதும் 20,449² − 1² என்பதும் சமம். இடப்பக்கம் 3,272 × 1,27,800 ஆகவும், வலப்பக்கம் 20,448 × 20,450 ஆகவும் விரிகின்றன. 3,272 = 8 × 409; 20,448 = 8 × 2,556; 1,27,800 = 50 × 2,556; 20,450 = 50 × 409. நான்கு எண்களுக்குள்ளும் 8, 50, 409, 2,556 என்ற நான்கே எண்கள் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். 8-ஐயும் 50-ஐயும் பாதியாக்கினால் 4, 25. இப்போது 4² + 25² = 641; 409² + 2,556² = 67,00,417.

காரணிகள் இரண்டே என்பதால், வகுத்திகள் தொடர்பான மற்ற விவரங்களில் பெரிய வியப்பு இல்லை. மொத்தம் நான்கு வகுத்திகள். அவற்றின் கூட்டல் 4,30,16,68,356. இந்த எண்ணைவிடச் சிறியதாகவும் இதனோடு பொதுக் காரணி இல்லாததாகவும் உள்ள எண்கள் 640 × 67,00,416, அதாவது 4,28,82,66,240. ஸெரா கோல்பர்ன் என்ற சிறுவன் 1812-ஐ ஒட்டி இலண்டனில் நடந்த கணக்குச் செய்து காட்டும் நிகழ்ச்சியில் இந்த எண்ணைக் கொடுத்ததும் 641 என்று மனக்கணக்காகவே சொன்னான் என்று பதிவாகியிருக்கிறது. அப்போது அவனுக்கு வயது எட்டு.

இந்த எண்ணுக்கு இரண்டு படி கீழே உள்ள 4,29,49,67,295-ஐக் கணினி நிரலாளர்கள் நன்றாகவே அறிவார்கள். முப்பத்திரண்டு பிட்டுகளில் குறியின்றி எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. நம் எண்ணை அந்த இடத்தில் எழுத முயன்றால் முன்னால் உள்ள ஒன்று விழுந்துபோய், 1 மட்டுமே மிஞ்சும். ஆனால் 4,29,49,67,295-க்கு அதைவிட ஆழமான சிறப்பு ஒன்று உண்டு: அது 3 × 5 × 17 × 257 × 65,537. ஃபெர்மாவின் வரிசையில் எந்த எண்ணை எடுத்தாலும், அதற்கு முந்தைய எல்லாவற்றையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அது கிடைக்கும். பொதுக் காரணி இல்லை என்று கோல்ட்பாக் சொன்னதற்கும் இதுவே அடிப்படை.

கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு ஒழுங்குப் பலகோணம் (எல்லாப் பக்கங்களும் கோணங்களும் சமமான உருவம்) வரைவது பற்றிய கணிதவியலர் காஸின் முடிவு இங்கே வந்து சேர்கிறது. 1796-இல் பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை அப்படி வரைய முடியும் என்று கண்ட அவர், 1801-இல் பொது விதியை வெளியிட்டார். வேறு எவற்றையும் வரைய முடியாது என்ற மறுபாதியைக் கணிதவியலர் வான்ட்ஸெல் 1837-இல் நிறுவினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் இருந்தால், அந்த எண்ணிக்கை ஃபெர்மாவின் பகா எண்களுள் ஒன்றாகவோ, வெவ்வேறான சிலவற்றின் பெருக்கலாகவோ இருக்க வேண்டும். தெரிந்தவை ஐந்தே பகா எண்கள் என்பதால் இப்படி 31 பலகோணங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதற்கு 4,29,49,67,295 பக்கங்கள்.

ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வோர் எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டல் என்று அமைந்த பாஸ்கல் முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, ஒற்றைப்படை எண்களுக்குப் பதில் 1, இரட்டைப்படை எண்களுக்குப் பதில் 0 என்று எழுதி, ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதலில் உள்ள 1-ஐ விட்டுவிட்டால், மேலே சொன்ன பலகோணங்களின் பட்டியல் வரிசை மாறாமல் அப்படியே இது. உச்சியைச் சுழியாவது வரிசையாகக் கொண்டால், 31-ஆவது வரிசை முழுக்க ஒன்றுகள், அது 4,29,49,67,295. 32-ஆவது வரிசையில் இரு முனைகளிலும் 1, நடுவில் முப்பத்தொரு சுழியங்கள். நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால் பலகோணங்களின் பட்டியல் இந்த வரிசையையும் தாண்டி நீண்டிருக்கும். 641-ஆல் அது இங்கேயே அறுபடுகிறது.

இதற்குப் பிறகு ஃபெர்மாவின் வரிசையில் ஒரு பகா எண்கூட அகப்படவில்லை. 2-இன் அடுக்காக 2³² இருக்கும் எண் வரை எல்லாம் பகு எண்கள் என்பது தெரிந்திருக்கிறது. அவற்றுள் சிலவற்றுக்கு ஒரு காரணியும் தெரியாது, பகு எண் என்ற தீர்ப்பு மட்டுமே உண்டு. அடுத்து நிற்பது அடுக்காக 2³³ உள்ள எண். அதற்கு ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள். நம் எண்ணுக்கு 31 வர்க்கப்படுத்தல்களில் முடிந்துவிடும் பெப்பானின் சோதனையை அந்த எண்ணுக்குச் செய்ய வேண்டுமானால், 258 கோடி இலக்கம் கொண்ட எண்களை ஏறத்தாழ 859 கோடி முறை வர்க்கப்படுத்த வேண்டும்.